ஒருத்தன் பாட்டில் இன்னொருத்தன்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலத்தில் ஏரியில் மீன் அவ்வளவு இருந்தது. படகிலிருந்து இறங்கியவன் மீன் முதுகின் மேலேயே நடந்து, கால் நனையாமல் வீடு சேர்ந்துவிடலாம். இதைப் பொய் என்று சொல்கிறவர்களை விசாரித்துப் பார்த்தால், ஒருவர்கூட அந்தக் காலத்தில் பிறந்திருக்க மாட்டார்.

அப்படிப்பட்ட ஏரியின் முகத்துவாரத்தில் பசியாவரத்துத் தருமன் வலை நனைத்துப் பல நாளாகியிருந்தது. கோட்டைக்குத் தலைவரான கப்பித்தான் அதை மூடிவிட்டார். மேற்கே ஏதோ குதிரைப்படை நடமாடுகிறது என்று அவருக்குச் சேதி. ஏரி கடலோடு கலக்கும் அந்த வாயில் போகிற படகுகளில் எது மீன்காரன் படகு, எது பகைவன் படகு என்று மதில் மேலிருந்து பார்த்தால் தெரியவில்லை. அதனால் எந்தப் படகும் போகக் கூடாது என்று சங்கிலி போட்டுவிட்டார்.

மழை ஓய்ந்து ஏரித் தண்ணீர் வடியும்போது, இறால் கூட்டம் கூட்டமாக அந்த வாய் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். பசியாவரம் வருஷம் முழுக்க அடுப்பு எரிப்பது அந்தச் சில நாள் வலையில்தான். இடம் சின்னது, வலை பெரிது. எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்க முடியாது. ஊரில் மூன்று வகையறா. சீட்டுப் போட்டு, முதலில் ஒரு வகையறா, அடுத்து ஒன்று, அதற்கடுத்து ஒன்று என்று முறை வைத்து இறங்குவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர். இன்று உன் பாடு என்றால் நீ வலை கட்டு. மற்ற இரண்டு வகையறாவும் கரையில் உட்கார்ந்து குறை சொல்லும். அடுத்தவன் பாட்டில் வலை போட்டவனை அடிப்பதில்லை, உதைப்பதில்லை. ஊரில் யாரும் அவனோடு பேச மாட்டார்கள், அவ்வளவுதான். முன்னே அப்படி ஒருவன் இருந்தான். பேச ஆளில்லாமல் நண்டுகளோடு பேசிப் பழகி, கடைசியில் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டான்.

தருமனுக்கு வாய் நீளம். அவன் படகைவிடக் கொஞ்சம் நீளம் என்பார்கள். ஊர் கூடி, கோட்டையில் போய் யார் பேசுவது என்று கேட்டபோது ஒருவரும் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தாலும் ஆளைப் பார்த்திருக்க முடியாது. அதற்குள் பாதி ஏரியைத் தாண்டியிருந்தான்.

கோட்டையில் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி காய்ச்சலில் படுத்திருந்தார். அவர் இடத்தில் இருந்தவர் யான் என்ற ஒல்லாந்தர். சிப்பாய்களை அதட்டி வேலை வாங்குவது அவர் வேலை. யான் என்ற பேர் பழவேற்காட்டு வாயில் புகுந்து யானை தொரை ஆகிவிட்டது. ஆளோ ஈர்க்குச்சி. காற்றுக் காலத்தில் சட்டைப்பையில் பீரங்கிக் குண்டைப் போட்டுக்கொண்டுதான் மதில்மேல் நடப்பார். அவர் தமிழ் படித்தது நாகப்பட்டினத்தில், ஓர் ஓதுவாரிடம். அதனால் சிப்பாய்க்குச் சோறு போடச் சொல்வதாக இருந்தாலும் சாமியிடம் வரம் கேட்கிற தமிழ்தான் அவருக்கு வரும்.

"யாது வேண்டி வந்தனை, வலைஞனே?" என்றார்.

தருமன் தனக்குப் பின்னால் ஏதாவது சாமி நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்தான். இல்லை. "முகத்துவாரம் வேணும் தொர."

யானை தொரை உள்ளே போய்க் கப்பித்தானிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தார். "எமக்குக் கண் வேண்டும். நிலத்தில் நடந்து, பகைவர் வரவு கண்டு, புகையால் உணர்த்தும் வேவு வீரர் வேண்டும். ஒரு கூட்டம் எனில் ஒரு தீ. இரு கூட்டம் எனில் இரு தீ. அத்தகையோர் உளரேல் வாயில் திறக்கப்படும்."

"உளரேல்னா இன்னா தொர?"

"இருந்தால்."

"இருந்தாலாவது. பசியாவரத்துல பொறக்கசொல்லயே நடந்துகினு வர்றவங்க நாங்க. நெருப்பு மூட்றதுல எங்கள மிஞ்ச இந்த ஏரியச் சுத்தி ஆள் கெடயாது."

இதில் முதல் பாதி பொய். இரண்டாம் பாதி அதைவிடப் பெரிய பொய். பசியாவரம் ஒரு தீவு. எந்தப் பக்கம் நடந்தாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும் என்பதால் அங்கே யாரும் நடை என்ற ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை. நெருப்பு, பெண்கள் பார்த்துக்கொள்ளும் விஷயம். ஆண்பிள்ளைகள் அதைச் சோறாகத்தான் சந்திப்பார்கள்.

மழை ஓய்ந்ததும் சோதனை என்று முடிவாயிற்று. யானை தொரை சிப்பாய்களைப் பகைவர் மாதிரி மேற்கே கொண்டுபோய், அங்கிருந்து கோட்டையை நோக்கி வருவார். எத்தனை கூட்டமாக வருவார் என்பது அவருக்கு மட்டும் தெரியும். கப்பித்தான் மதில்மேல் தூரக்கண்ணாடியோடு நிற்பார். புகை சரியாகச் சொன்னால் முகத்துவாரம் பசியாவரத்துக்கு. தப்பாகச் சொன்னால், அந்த வருஷத்து இறால் பசியாவரத்தைப் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டே கடலுக்குப் போகும்.

வகையறாவுக்கு ஓர் ஆள் என்று மூன்று பேர் வேவு வீரர்கள் ஆனார்கள். ஒன்று தருமன். இன்னொன்று அவன் தங்கையைக் கட்டிய நீலமேகம். மூன்றாவது தனக்கோடி; தருமனுக்கு அண்ணன் முறை, முறை தவறாத மனிதர். முதலில் தும்மியவன் தும்மி முடிக்கட்டும் என்று தன் தும்மலை அடக்கி வைத்திருப்பார்.

முதல் நாள் நடைக்கு யானை தொரை அவர்களை எளாவூர்ப் பக்கம் கரையேற்றினார். ஏறியதும் மூவருக்கும் ஓர் உண்மை தெரிந்தது. நிலம் ஆடுவதில்லை. அது ஆடாததால் இவர்கள் ஆடினார்கள். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, கள் எந்தத் தோப்பில் இறக்குகிறார்கள் என்று கேட்டார்கள்.

"வலப்புறம் திரும்புக," என்றார் தொரை.

மூவரும் நின்றார்கள். படகுக்காரனுக்கு வலம் இடம் கிடையாது. கடல் பக்கம், கரைப் பக்கம், அவ்வளவுதான்.

"வலப்புறம்னா கடல் பக்கமா, கரைப் பக்கமா தொர?" என்றார் தனக்கோடி.

"வலக்கை உள்ள புறம்."

"கையி கூடவே சுத்துதே தொர. அத்த நம்பி எப்டி போறது?"

யானை தொரை சற்று நேரம் தன் கையைப் பார்த்தார். அதற்குள் தருமன், தொரை சொன்னது கடல் பக்கம்தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். கடல் பக்கம் சேறு. அந்தச் சேறு ஓர் ஆளை இடுப்புவரை விழுங்கிப் பார்த்து, ருசி பிடிக்கவில்லையென்றால்தான் திருப்பித் தரும். நீலமேகத்தை அன்று காலையிலேயே பலமுறை திருப்பித் தந்தது. கடைசி முறை, எப்போதோ வேறு யாரோ தொலைத்த ஒரு செருப்பையும் சேர்த்துத் தந்து, இனி வராதே என்றது.

"மச்சான், நட நடனு சொல்லி என்னப் பயிர் நட்டுட்டு இருக்க நீ," என்றான் நீலமேகம் சேற்றிலிருந்தபடி.

"வேர் வுட்றதுக்குள்ள ஏறி வா."

கொசுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று தொரையின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அது சின்னது. பெரியவை தொப்பிக்கெல்லாம் இறங்கி வராது.

நாணல் புதரைத் தாண்டியதும் தொரை சட்டென்று குப்புறப் படுத்து மற்றவர்களையும் படுக்கச் சொன்னார். தூரத்தில் தண்ணீர் ஓரமாக ஒரு படை வரிசையாக நின்றது. இளஞ்சிவப்புச் சட்டை. அசையவில்லை, பேசவில்லை. "எத்தகைய ஒழுக்கம்," என்று முணுமுணுத்தார் தொரை. மத்தியானம் வரை நால்வரும் மண்ணைக் கவ்விக் கிடந்தார்கள். பிறகு அந்தப் படை ஒரு காலை இறக்கி மறு காலைத் தூக்கியது. அது பூநாரைக் கூட்டம் என்று தருமனுக்கு முதலிலேயே தெரியும். இருந்தாலும் நடப்பதைவிடப் படுத்திருப்பது மேல் என்பதால் சொல்லவில்லை.

ஆனாலும் தொரைக்கு வித்தை தெரியும், அதை மறைக்கக் கூடாது. கொக்கு உட்கார்ந்திருக்கிற வயலில் ஆள் இல்லை, காரணமில்லாமல் எழுந்தால் ஆள் வருகிறான் என்பது அவர் சொல்லித் தந்ததுதான். காற்றுக்கு எதிரே நட, உன் வாசனை உனக்கு முன்னால் போகக் கூடாது என்பதும் அவர் பாடம். மீன்காரர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமான பாடம். மழை முடிவதற்குள் மூவரும் ஆடாமல் நடந்தார்கள். நீலமேகம் உலர்ந்த வேட்டியோடு வீடு திரும்பிய அன்று, அவன் பெண்டாட்டி யாரோ வேற்றாள் என்று கதவைச் சாத்திவிட்டாள்.

நெருப்புக்கு வேறு வாத்தியார். கோட்டைக்கு வெளியே ஊருக்குள் கைருன் பீவி கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய் வைத்திருந்தாள். கோட்டைச் சுவர் வெள்ளையாக இருந்ததே அவள் புண்ணியத்தில்தான். அதைக் கோட்டைக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தவும் செய்வாள். கிளிஞ்சல் பசியாவரத்துப் படகில் முகத்துவாரம் வழியாக வர வேண்டும். வழி மூடியதிலிருந்து காளவாய் குளிர்ந்து கிடந்தது. தருமன் வந்து கேட்டதும், ஏன் இவ்வளவு நாளாக வரவில்லை என்று திட்டிவிட்டுத்தான் உட்காரச் சொன்னாள்.

மூவரும் விறகை அடுக்கிக் காட்டினார்கள். கைருன் பீவி இடுப்பில் கை வைத்துச் சுற்றி வந்தாள்.

"இன்னாப்பா இது? வலைய மடிச்சி வெக்கிற மாதிரி மடிச்சி வெச்சிருக்கீங்க. நெருப்பு எது வழியா மூச்சு வுடும்?"

"நெருப்புக்கு மூச்சு வேற இருக்குதா பீவிம்மா?" என்றான் நீலமேகம்.

"ஒனக்கு இருக்குதே, அதுக்கு இருக்கக் கூடாதா?"

பன்னாடையை உதிர்த்துக் கூடு மாதிரி வை என்றாள். அதன்மேல் ஈர்க்கு, பிறகு பனைமட்டைச் சீவல், கடைசியில்தான் கருவேலங்கட்டை. காற்று வரும் பக்கம் ஒரு வாசல் விடு. மனிதன் வீட்டுக்கு வாசல் வைப்பதற்கு முன்னாலேயே நெருப்பு வைத்துக்கொண்டது என்றாள். நன்றாகப் பிடித்த பிறகு பச்சை உமிரிச் செடியை அள்ளி மேலே போடு, வெள்ளைப் புகை எழும். தருமன் அவள் சொன்னபடியே செய்தான். புகை அசையாமல் தூண் மாதிரி நின்றது. ஒரு நாரை பறந்து வந்து அதன்மேல் உட்காரப் பார்த்தது. வழுக்கியதால் போய்விட்டது.

"இத்த எனக்குச் சொல்லித் தரவே வேணாம் பீவிம்மா. கைலயே இருந்துகினு இருக்குது," என்றான் தருமன்.

"இருக்கும். கைய மொதல்ல அதுலேருந்து எடு, வேட்டி பத்திக்குது."

ஏரியின் மேற்குக் கரையில் ஒரு மணல்மேடு. கோட்டையிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். அங்கே மூன்று இடத்தில் மூன்று குவியல் போட்டுப் பழக வேண்டும் என்று தொரை சொல்லியிருந்தார். குவியலுக்கு ஓர் ஆள் என்றதுமே மூவரும் யாரும் சொல்லாமலே சீட்டுப் போட்டுவிட்டார்கள். முதலில் தனக்கோடி பாடு, அடுத்து நீலமேகம், கடைசியில் தருமன். தனக்கோடி மூட்டுகிற நாளில் மற்ற இருவரும் உட்கார்ந்து குறை சொன்னார்கள். மறுநாள் நீலமேகம் மூட்டினான், தனக்கோடி குறை சொன்னார். மூன்று தீயை ஒன்றாக மூட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படி ஒரு காரியத்தை அவர்கள் வம்சத்தில் யாரும் செய்ததில்லை.

சாயங்காலம் பார்க்க வந்த யானை தொரை, அவர்கள் பேசிக்கொள்வதைக் காதில் வாங்கினார்.

"இன்னிக்கு யார் பாடு?"

"ஒன் பாடு தானே? அவன் பாட்டை அவன் நேத்தே முடிச்சிட்டானே."

தொரையின் முகம் மலர்ந்தது. புதுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நெருப்பருகே சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஓதுவாரிடம் அவர் படித்த தமிழில் பாடு என்றால் பாடுவது ஒன்றுதான். பாட்டு எழும் என்று காத்திருந்தார். எழவில்லை. வெட்கப்படுகிறார்கள் போலும் என்று நினைத்து, தாமே கண்ணை மூடிக்கொண்டு ஒல்லாந்து மொழியில் ஒரு வேதப்பாட்டை எடுத்தார்.

"வயித்து வலியா?" என்று கிசுகிசுத்தான் நீலமேகம்.

"கம்முனு இரு. முடியட்டும்," என்றார் தனக்கோடி. யார் எதை ஆரம்பித்தாலும் முடிக்க விட வேண்டும் என்பது அவர் கட்சி. மூவரும் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தொரை பாடி முடித்துக் கண்ணைத் திறந்தபோது அவர் கண் ஈரமாக இருந்தது. இந்தத் தேசத்தில் யாரும் அவரை அதுவரை முழுதாகப் பாட விட்டதில்லை.

சோதனைக்கு முந்தின நாள் தொரை சொன்னார்: "நாளை, வந்த கூட்டத்தை எண்ணித் தீ எழுப்புக. எத்தனை ஆயினும் ஒருங்கே எழுப்புக."

சரி என்று தலையாட்டிவிட்டார்கள்.

விடிந்ததும் மூவரும் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். தனக்கோடி வயல்வெளியில் கொக்குகள் எழுவதைக் கண்டு, வரப்பை ஒட்டி வந்த ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டார். நீலமேகத்துக்குப் புகையிலை வாசனை வந்தது. பின்பற்றிப் போனால் பனங்காட்டுக்குள் இன்னொரு கூட்டம். தருமன் நாணலுக்குள் காதை வைத்துக் கேட்டான். கொசுக்களை யாரோ செந்தமிழில் சபித்துக்கொண்டிருந்தார்கள். அது மூன்றாவது கூட்டம், தொரையே தலைமை.

மூவரும் மணல்மேட்டில் கூடினார்கள். மூன்று கூட்டம், மூன்று தீ. கோட்டை மதில்மேல் கப்பித்தானின் தூரக்கண்ணாடி வெயிலில் மின்னியது. வென்றாகிவிட்டது என்று தருமன் நினைத்தான். தனக்கோடி தம் குவியலைப் பற்றவைத்தார். பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்னுதையும் வெய்யி மச்சான்," என்றான் தருமன் நீலமேகத்திடம்.

"அண்ணாத்த பாடு இன்னும் முடியலயே."

"மூணும் ஒண்ணா எரியணும்டா. தொர இன்னா சொன்னாரு?"

"ஒழுங்கா எழுப்புனு சொன்னாரு," என்றார் தனக்கோடி. "ஒழுங்குன்னா இன்னா? மொறையா. நான், பொறவு அவன், பொறவு நீ."

"ஒழுங்கா இல்ல அண்ணாத்தே. ஒருங்கேனு சொன்னாரு."

"அப்டினா?"

தருமனுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றாக என்றுதான் இருக்க வேண்டும் என்று மனசுக்குப் பட்டது. "ஒண்ணா மூட்றதுனு நெனக்கிறேன்."

"நெனப்ப வெச்சிகினு ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் கை வெக்கிறதா தம்பி?"

தருமன் மேட்டின்மேல் நின்றான். தணல் சட்டி அவன் கையில்தான் இருந்தது. நான்கு எட்டு வைத்தால் நீலமேகத்தின் குவியல். தன் குவியல் இந்தப் பக்கம். கவிழ்த்தால் முடிந்தது காரியம். இறால் ஊருக்கு வரும். மேட்டில் ஒரே ஒரு புகை ஒற்றைத் தென்னைபோல எழுந்து நின்றது. அதைக் கப்பித்தான் எண்ணிக்கொண்டிருப்பார். ஒன்று.

இரண்டு எட்டு வைத்தான். பிறகு அவனுக்கு முகத்துவாரம் ஞாபகம் வந்தது. அங்கே வலையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறானே பசியாவரத்தான், அடுத்தவன் கை வைக்க மாட்டான் என்ற ஒரே தைரியத்தில்தானே. இங்கே தனக்கோடி பாட்டில் கை வைத்து அந்த இடத்தை வாங்கினால், அங்கே போய் யாரை நம்பித் தூங்குவது? சங்கிலியை எடுத்த அன்றே மூன்று வகையறாவும் ஒன்றன்மேல் ஒன்று வலையைப் போட்டு, இறாலுக்குப் பதில் ஒருவரையொருவர் பிடிப்பார்கள்.

தணல் சட்டியைக் கீழே வைத்தான். தனக்கோடி பக்கத்தில் போய்க் குந்தினான்.

"சீக்கிரம் எரியச் சொல்லு அண்ணாத்தே."

"அது தானா எரியும். கட்டய அந்தப் பக்கம் சாய்ச்சிருக்கலாம், இல்ல?"

"நேத்தே சொன்னேன்."

தனக்கோடி பாடு சாம்பலானது. நீலமேகம் எழுந்தான். அவன் பாடும் எரிந்து அடங்கியது. கடைசியில் தருமன் தன் தீயை மூட்டினான். அன்று எழுந்த மூன்றிலும் அதுதான் நேரான புகை என்று அவன் பிறகு எல்லோரிடமும் சொன்னான். அதை மறுத்தவர்கள் இரண்டு பேர்தான்.

கோட்டையில் நடந்தது இது. கப்பித்தான் ஒரு புகையைப் பார்த்தார். பகைவர் ஒரே கூட்டம் என்று மதில்மேல் நின்ற எல்லோரிடமும் உரக்கச் சொன்னார். அவர் சொன்னதைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லாதவர். பிறகு எழுந்த புகைகளைப் பார்த்தும், முதல் தீயையே மீன்காரர்கள் அணைத்து அணைத்து மூட்டுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அப்புறம் வாசலில் மூன்று கூட்டம் வந்து நின்றது.

தருமனைக் கூட்டிவரச் சொன்னார்கள். கப்பித்தான் பருத்த மனிதர், கழுத்துவரை பொத்தான். அவர் பேசப் பேச யானை தொரை தமிழாக்கினார்.

"மூன்று கூட்டத்துக்கு ஒரு புகை காட்டினை என்கிறார். உம்மால் தாம் நகைப்புக்கு இடமாயினர் என்கிறார். முகத்துவாரம் இல்லை என்கிறார்."

தருமன் வாய் எதற்கும் காத்திருக்கவில்லை. "மூணு பொக காட்னோம் தொர. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு."

"ஏன் ஒருங்கே காட்டவில்லை என்கிறார்."

இதற்குப் பொய் சொல்லலாம். காற்று மாறிற்று எனலாம், விறகு ஈரம் எனலாம். அவனிடம் அந்தச் சரக்குக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால் கதவுக்கு வெளியே தனக்கோடி நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழும்.

"எங்க ஊர் மொறை அது," என்றான் நிமிர்ந்து. "ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் நுழையக் கூடாது. அவன் பாட்டை அவன் முடிச்ச பொறவுதான் அடுத்தவன் பாடு. உசுரே போனாலும் நடுவுல பூர மாட்டோம். இத்தத் தப்புனு சொன்னா, அந்தத் தப்ப நாங்க செஞ்சோம்."

யானை தொரைக்கு மணல்மேட்டில் பாடிய அந்தச் சாயங்காலம் நினைவு வந்தது. கை கட்டி, அசையாமல் கேட்ட மூன்று பேர். குரல் தழுதழுக்க, ஒல்லாந்து மொழியில் சொன்னார்: "இவர்கள் ஊரில் ஒருவன் பாடும்போது இன்னொருவன் குறுக்கே பாட மாட்டானாம். அவன் பாட்டு முடிந்த பிறகுதான் அடுத்தவன் பாடுவானாம். உயிர் போனாலும் அப்படித்தானாம். தீயையும் பாட்டைப் போலவே மூட்டியிருக்கிறார்கள். இவர்களோடு நெருப்பருகே உட்கார்ந்தவன் நான். இது உண்மை."

கப்பித்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் சொந்த ஊரில், தேவாலயப் பாட்டுக் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். பழவேற்காட்டுக்கு வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நரகம். சிப்பாய்கள் ஆளுக்கொரு இடத்தில் ஆரம்பித்து ஆளுக்கொரு இடத்தில் முடிப்பார்கள். ஒருவன் போன மாதம் ஆரம்பித்த பாட்டை இன்னும் முடிக்கவில்லை. அவர் கழுத்துப் பொத்தான் ஒன்றைக் கழற்றிக்கொண்டு, தம் சிப்பாய்கள் பக்கம் திரும்பி, வெகுநேரம் ஏதோ சொன்னார். யாரும் தலை நிமிரவில்லை. பிறகு யோசித்தார். மதில்மேல் நின்றால் எந்தப் படகு யாருடையது என்று தெரியவில்லை என்பதுதானே தொல்லை? படகைப் பார்த்துத் தெரியாதது குரலைக் கேட்டால் தெரியும். பகைவன் முறை வைத்துப் பாடிக்கொண்டு வர மாட்டான்.

யானை தொரை தருமனிடம் வந்தார்.

"கப்பித்தான் மகிழ்ந்தனர். சங்கிலி அகற்றப்படும். முகத்துவாரம் உமதே. ஆயின் ஒரு நிபந்தனை. நீவிர் ஒவ்வொருவரும் தத்தம் பாட்டைப் பாடியே வலை இட வேண்டும்."

"எங்க பாட்டுலதானே தொர எப்பவும் போடறோம்."

"பாட வேண்டும். வாயால். மதிலுக்குக் கேட்கும்படி."

தருமன் அவரைப் பார்த்தான். தொரையின் கண்ணில் ஈரம். கப்பித்தானின் கண்ணிலும் ஈரம். எந்த இடத்தில் எந்த வார்த்தை கவிழ்ந்தது என்று தருமனுக்கு அப்போது புரிந்துவிட்டது. கவிழ்ந்ததை நிமிர்த்துவதற்கும் ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் சங்கிலி இருக்கும் இடத்திலேயே இருக்கும்.

"பாடாம?" என்றான். "பாட்டுல எங்கள மிஞ்ச இந்த ஏரியச் சுத்தி ஆள் கெடயாது தொர."

வெளியே வந்ததும் தனக்கோடி கேட்டார், "இன்னாப்பா ஆச்சி?"

"நம்ம மொறைய மெச்சிக்கிட்டாங்க அண்ணாத்தே. முகத்துவாரம் நம்மளுது."

"அதானே. ஒழுங்கா இருந்தா எவன் இன்னா சொல்லுவான்?"

"ஒரு சின்ன வேல இருக்குது. நீ பாடுவியா?"

தனக்கோடி நின்றார். "நானா? எதுக்கு?"

தருமன் படகு கரை சேரும் வரை விளக்கினான். பசியாவரம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் ஏரி ஒரு சாண் ஏறியது. பிறகு சீட்டுப் போட்டார்கள். முதல் பாடு தருமன் வகையறாவுக்கு விழுந்தது.

கீழ்வானம் வெளுக்கும்போது தருமனின் படகு முகத்துவாரத்தில் நின்றது. வலையின் மறு முனையில் நீலமேகம். தங்கை வீட்டுக்காரன் என்ற முறையில் கூலிக்கு வந்திருந்தான். தண்ணீர் கடல் பக்கம் இழுத்தது. மதில்மேல் கப்பித்தான் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்து நின்றார், பக்கத்தில் யானை தொரை.

"பாடு மச்சான்," என்றான் நீலமேகம்.

தருமனுக்குத் தெரிந்த பாட்டு என்று ஒன்றும் இல்லை. தெரிந்ததெல்லாம் திட்டு. ஒரு மூச்சு இழுத்தான். நீலமேகத்தை அவன் தினமும் திட்டுகிற திட்டையே எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் அலை நீளத்துக்கு இழுத்து, தலையை ஆட்டி ஆட்டிப் பாடினான். சோம்பேறிஈஈ என்பது கோட்டைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கரையில் கைருன் பீவி கிளிஞ்சல் கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மதில்மேல் கப்பித்தான் கண்ணை மூடினார். நடுவில் யாரும் நுழையவில்லை.

வலை கனக்கத் தொடங்கியது. இறால் வந்துவிட்டது. நீலமேகம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் மச்சான், இழு," என்றான்.

"பொறு. என் பாடு முடியல," என்றான் தருமன், அடுத்த அடியை எடுத்தான். மச்சானைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது.